கவர்மெண்ட் பேச்சு கூடாது

குழுவில் மறுபடியும் சண்டை மூண்டுவிட்டது. சோற்றில் ஒரு கையும் போனில் ஒரு கையுமாக உட்கார்ந்திருந்த எத்திராஜுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

'புத்தூர் பங்குச்சந்தை நண்பர்கள்' ஆந்திராப் பக்கத்துப் புத்தூரில் அவர் ஆரம்பித்த வாட்ஸப் குழு. வேலை பார்க்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனியில் அவரை "எத்திராஜு, இங்க வா" என்பார்கள். குழுவில் மட்டும்தான் அவர் 'சார்'. எதை வாங்கலாம் என்று கேட்பார்கள், இவர் சொல்வார், வாங்குவார்கள். மாம்பழக்கூழ் கம்பெனிப் பங்கையும் அப்படித்தான் ஆளாளுக்கு வாங்கினார்கள். அது சரிய ஆரம்பித்த அன்றைக்குத்தான் அரசியல் உள்ளே நுழைந்தது.

"இந்த கவர்மெண்ட் வந்து எல்லாமே பாழாப் பூட்ச்சு" என்று மருந்துக்கடை சுரேஷ்பாபு எழுதியிருந்தார்.

"போன கவர்மெண்ட் இன்னா கிழிச்சுது?" என்று செல்போன் கடை சலீம் பாய்ந்திருந்தார். இருவரும் தினமும் ஒன்றாக டீ குடிப்பவர்கள்.

"துன்னுட்டு அப்பறம் சண்டையப் பாருங்க" என்றாள் மனைவி தாட்சாயணி.

"குழு ஒடஞ்சிட்டா என்னை யாரு சார்னு கூப்புடுவாங்க?"

"நான் கூப்புடறேன். துன்னுங்க சார்."

கட்சிப் பெயர் சொன்னால் நீக்கம் என்று எத்திராஜ் அறிவித்தார். பெயர்கள் போயின. சைக்கிள் படமும் ஃபேன் படமும் வந்தன. ஆரணியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த பரணிக்கு இந்த ஊர்த் தேர்தல் சின்னமெல்லாம் தெரியாது. ஃபேன் கம்பெனிப் பங்கு ஏறப்போகிறது என்று நம்பி, பாவம், வாங்கியே விட்டான்.

அரசியலுக்கென்று தனிக் குழு திறந்தார். மொத்தக் கூட்டமும் அங்கே குடிபோனது. பழைய குழுவில் மிஞ்சியது நகரி கன்னிகா டீச்சர் தினமும் போடும் ரோஜாப்பூ 'குட் மார்னிங்' மட்டும்தான்.

எத்திராஜுக்குப் பொறுமை போயிற்று. புதுக் குழுவை இழுத்து மூடினார். பழையதில் குரல் பதிவு போட்டார்.

"இனிமே அவங்கவங்க கையில இருக்கற ஷேரப் பத்தி மட்டும்தான் பேசணும். கவர்மெண்ட் பேச்ச எடுத்தா, யாரா இருந்தாலும் வெளிய!"

குழு கப்சிப். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் போனது, இன்னொரு நாளும் போனது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கூச்சல் இல்லாமல் அவருக்கே வெறிச்சென்று இருந்தது. நல்ல மனிதர்களை ரொம்பத்தான் விரட்டிவிட்டோமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"ஏன்பா யாருமே பேச மாட்டேன்றீங்க? எம்மேல கோவமா?" என்று கேட்டார்.

கடைசியில், இதுவரை ரோஜாப்பூவைத் தவிர எதுவும் அனுப்பாத கன்னிகா டீச்சரின் குரல் வந்தது.

"சார், எங்க எல்லார் கையிலயும் இருக்கறது நீங்க வாங்கச் சொன்ன அந்த மாம்பழக்கூழ் ஷேர்தான். உங்கள ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுன்னுதான சார், இத்தினி நாளா கவர்மெண்ட்ட திட்டிக்கினு இருந்தோம்!"