ஆற்றோடு போன கடவுச்சொல்

தனக்கு மறதியே கிடையாது என்று சொல்கிற ஆளிடம் முக்கியமான எதையும் கொடுத்து வைக்காதீர்கள். அப்படிச் சொல்லிக்கொண்டு பாளையங்கோட்டையில் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த ஆள் நான்தான் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தாக வேண்டும், அதன்பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று வாரமும் அப்பா வீட்டில் செய்த மாலை ஜெபத்தை எல்லாம் என் செல்போனில் பதிவு செய்தேன். கரகரத்து, நடுவில் இருமல் வந்து, சில நாள் பாதியிலேயே நின்றுபோன குரல். இனி எங்களுக்கு மிச்சம் அவ்வளவுதான்.

போனில் மட்டும் வைத்திருப்பது ஆபத்து, கிளவுடில் ஏற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நான்கு நிறுவனங்களின் பெயரை எழுதி, கோடு போட்டு ஒரு வாரம் ஆராய்ந்தேன். (வீடு கட்டும்போதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை. சமையலறை வாசலில் ஃபிரிட்ஜ் நுழையாது என்பது குடிபோன அன்றுதான் தெரிந்தது.) ஒன்று இலவசம், ஆனால் நம் படங்களை அதுவே பார்த்து ஆல்பம் போடுமாம். இன்னொன்றில் இடம் போதாது. மூன்றாவதில் ஒரு பதிவு ஏறவே அரை நாள் ஆயிற்று. நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. ‘உங்கள் கோப்புகளை எங்களாலும் திறக்க முடியாது, கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத்தர வழியில்லை’ என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். அதை என் மனைவி கிரேஸிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன்.

“மறந்துட்டா என்ன செய்விய?” என்றாள்.

“நான் என்ன மறக்கிற ஆளா?”

அவசரத்துக்கு ஒரு மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னது அந்த நிறுவனம். தாளை யார் நம்புவது என்று விட்டுவிட்டேன். ஆனால் கடவுச்சொல்லுக்கு நான் நம்பியது ஓர் அட்டையை. எங்கள் சபையில் ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை உண்டு. தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், வீட்டுக்கு ஒருவர் போய் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் பைபிள் வசனம் அந்த வருடம் முழுக்க அந்தக் குடும்பத்துக்கானது. எங்கள் வீட்டில் அது டிவிக்கு மேலே சட்டத்துக்குள் இருக்கும். அந்த வசனத்தின் அதிகாரத்தையும் எண்ணையும் கடவுச்சொல்லாக வைத்தேன். தினமும் கண்ணில் படுகிறதை யாராவது மறப்பார்களா?

ஆபரேஷன் முடிந்தது. அப்பா எழுதி அழிக்கிற பலகை ஒன்றை வைத்துக்கொண்டார். டிசம்பரில் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினேன். எல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்கிறதே என்று, பழைய போனில் இருந்ததை என் கையாலேயே அழித்தேன்.

ஜனவரியில் கோயம்புத்தூரிலிருந்து தங்கை பேசினாள். “அண்ணே, மகளுக்கு அடுத்த வாரம் நிச்சயம். அப்பா ஜெபத்தோட ஆரம்பிக்கணும்னு ஆசப்படுதா. ஒண்ணு அனுப்பி வையி.”

புதுப் போன் கடவுச்சொல் கேட்டது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். சட்டத்துக்குள் புது வருடத்து அட்டை இருந்தது.

“பழசு எங்க?” என்று கிரேஸிடம் கேட்டேன்.

“வசனத்தக் குப்பையில போடச் சொல்லுதியளா? கொக்கிரகுளம் பாலத்துக்குக் கீழ ஆத்துல விட்டுட்டேன்.”

அந்நேரம் என் கடவுச்சொல் தாமிரபரணியோடு போய்க் கடலிலேயே கலந்திருக்கும். பத்துத் தடவை தவறினால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும் என்று திரை எச்சரித்தது. எனக்குத் தெரிந்த வசனங்களாக ஏழு போட்டுப் பார்த்தேன். ஏழும் தப்பு. பன்னிரண்டு மாதம் அண்ணாந்து பார்த்த வசனம் ஞாபகத்தில் இல்லை. (அப்போது நான் சபை நிர்வாகத்தில் சேகரச் செயலாளர் வேறு.)

அப்பாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவார் என்று அவரிடம் மூச்சுவிடவில்லை. சனிக்கிழமை ஐயரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

“யார் எத எடுத்தாவன்னு எழுதி வைக்கலியே சார்,” என்றார். “கவலப்படாதீய, பாத்துக்கிடுதேன்.”

மறுநாள் ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் பார்த்துக்கொண்டார். “நம்ம செயலாளர் போன வருச வாக்குத்தத்தத்தத் தொலைச்சிட்டாவ. அதுல அவுங்க அப்பா குரலும் மாட்டிக்கிட்டு. தெரிஞ்சவுங்க சொல்லுங்க.” பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பு ஆண்கள் பக்கம் வந்து சேர வெகுநேரம் ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவை நான் திரும்பியே பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் வாசலில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு பேர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். இரும்புக்கடை அண்ணாச்சி, “எங்க வீட்டு வசனத்தப் போட்டுப் பாரும் வே. அது வந்த வருசந்தான் கடையப் பெருசாக்குனேன்,” என்றார். அப்பா பின்னாலிருந்து பலகையால் என் முதுகில் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

“கொஞ்சம் சும்மா இருங்கப்பா, முக்கியமான விசயம் பேசிட்டு இருக்கோம்லா,” என்றேன்.

மத்தியானம் அண்ணாச்சி வசனத்தைப் போட்டேன். தப்பு. ஐயர் யோசித்துச் சொன்னதைப் போட்டேன். அதுவும் தப்பு. இன்னும் ஒரு தடவைதான். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்பா வந்து பலகையை என் முன்னால் வைத்தார். வாத்தியாராகக் கரும்பலகையில் எழுதிப் பழகிய குண்டு எழுத்தில் அதிகாரமும் எண்ணும் இருந்தன.

“நிச்சயமாப்பா?”

அழித்துவிட்டு எழுதினார்: ‘அட்டையை எடுத்தது நான். ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது அதைத்தான் சத்தமாகச் சொன்னேன். நீ பக்கத்தில் நின்றாய்.’

நின்றேன். ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு, சட்டைப்பையில் இன்சூரன்ஸ் கார்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா தன் குரலில் கடைசியாகச் சொன்னது அது. அது என் காதில் விழவே இல்லை. ஊர் முழுக்கக் கேட்டவன் அவரிடம் கேட்கவில்லை. வருத்தப்படுவார் என்பதற்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அதுமட்டும் இல்லை. பேச்சு நின்றதிலிருந்து அவரிடம் நாங்கள் எதையும் கேட்பதே இல்லை.

“கோயில்லயே சொல்லிருக்கலாம்லாப்பா?”

‘மூன்று தடவை காட்டினேன்,’ என்று எழுதினார்.

எண்ணைப் போட்டேன். திறந்தது. அப்பாவின் குரல் அறை முழுக்க வந்தது. கிரேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். நான் அழுதேன். அப்பா அழவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, ‘இருமலை வெட்டிவிட்டு அனுப்பு’ என்று எழுதினார். தங்கை சம்மதிக்கவில்லை; இருமலோடுதான் நிச்சயம் நடந்தது.

இப்போதும் வீட்டில் சாவி, கண்ணாடி, ரேஷன் கார்டு என்று எது காணாமல் போனாலும், “கோயில்ல அறிவிப்பு குடுத்திருவமா?” என்பாள் கிரேஸ். எல்லோரும் சிரிப்பார்கள். நான் எழுந்து போய் முதலில் அப்பாவிடம் கேட்பேன். பாதி நேரம் அவருக்கும் தெரியாது. ‘தெரியாது’ என்பதை அவசரமே இல்லாமல், ஒவ்வோர் எழுத்தாக எழுதுவார். அவர் எழுதி முடிக்கும்வரை நின்று வாசித்துவிட்டுத்தான் வருகிறேன்.