மூன்றாம் அங்கத்து மரியாதை

பெரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். உங்கள் தங்கையும் நலமாகத்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன்; அவளிடம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அச்சகத்து நாடகக் குழுவுக்கு நானூறு வருடப் பழைய ஆங்கில நாடகம் ஒன்றைத் தமிழாக்கித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அந்தக் காலத்து ஆங்கிலத்திலும் நம்மைப் போலவே ‘நீ’ வேறு, ‘நீங்கள்’ வேறாம். எஜமான் வேலைக்காரனை நீ என்கிறான், மகன் அப்பாவை நீங்கள் என்கிறான், அதுவரைக்கும் சரி. யார் யாரை எந்த இடத்தில் மாற்றிக் கூப்பிடுகிறார்கள் என்று சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேனா, மூன்றாம் அங்கத்தில் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை மனைவியை நீ, நீ என்று கொஞ்சிக்கொண்டிருந்த வியாபாரி திடீரென்று, ‘நீங்கள் அமரலாம்’ என்கிறான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. மனசு விட்டுப்போச்சு என்பது அந்த ஒரு மரியாதையிலேயே தெரிந்துவிடுகிறது.

அதோடு விட்டேனா? வீட்டில் சொல்லிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு குறுகுறுப்பு. போன திங்கட்கிழமை காலையில், துணி உலர்த்திக்கொண்டிருந்த உங்கள் தங்கையிடம், “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன். அவள் திரும்பி, எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். யாரும் இல்லை என்றதும் முகம் இறுகிப்போயிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் கோழிக்கிறுக்கலை நல்ல எழுத்தில் படி எடுத்துத் தருவது அவள்தான். மூன்றாம் அங்கத்தை முந்தின நாள்தான் முடித்திருந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு நீயும் இல்லை, நீங்களும் இல்லை. “தட்டு வச்சிருக்கு.” “யாரோ போன்ல.” “குடை எடுத்துட்டுப் போனா நனையாம வரலாம்.” எல்லாம் சுவரைப் பார்த்துத்தான், நானும் சுவருக்குத்தான் பதில் சொல்கிறேன். சும்மா ஆராய்ச்சிக்காகக் கேட்டேன் என்று விளக்கப் போனால், “அந்த வியாபாரியும் இப்படித்தான் நைசா பேசினான்” என்று சுவரிடம் சொல்கிறாள். நேற்றுப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறாளாம். முப்பத்தொரு வருடத்தில் அவள் இல்லாமல் ஒரு நாள்கூட நான் இந்த வீட்டில் இருந்ததில்லை மச்சான். பயமாக இருக்கிறது. நீங்கள் சொன்னால் கேட்பாள். ‘அவர் கொஞ்சம் கிறுக்கு, கெட்டவர் இல்லை’ என்று போனில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாக ஆராய்ச்சி இல்லாமல், நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்
(இன்றுவரை)

பி.கு.: போன் செய்ய வேண்டாம். கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு உறை தேடப் போன நேரத்தில் அவள் படித்துவிட்டாள். படித்து முடித்து, என்னை நேராகப் பார்த்து, “போதும், சாப்பிட வா” என்றாள். ‘வாங்க’ இல்லை மச்சான், ‘வா’. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. அவசரமாக நாடகத்தைப் புரட்டினேன். அதில் ஒரு பெண் புருஷனை நீ என்று சொல்வது இரண்டே இடத்தில்தான்: ஒன்று கட்டிப்பிடிக்கும்போது, மற்றது கத்தியை எடுக்கும்போது. சமையலறையிலிருந்து மறுபடியும் கூப்பிடுகிறாள். எதுவானாலும் சரி, போகிறேன்.