டிரம்முக்குள் போகிற எடை

கம்பி வளையம் வளவனின் இடுப்புக்குக் கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் ஏறவில்லை. அவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். மனைவி பானு தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை அவன் வயிற்றில் கவிழ்த்தாள்.

"மூச்ச உள்ள இழுங்க."

"இழுத்துட்டுதான் இருக்கேன்."

"இது இழுத்த வயிறா? சரி."

வளவன் துவாக்குடியில் பாய்லர் டிரம் செய்யும் பட்டறையில் வெல்டர். டிரம் என்றால் ஆள் படுத்து வேலை செய்யக்கூடிய பெரிய இரும்பு உருளை. உள்ளே போக ஒரே வழி, அதன் முனையில் இருக்கும் நீள்வட்ட ஓட்டை. அவன் உடம்பு நூற்று நாற்பது கிலோவுக்குப் போனபோது ஃபோர்மேன் மன்சூர் பாய், "இனிமே அந்த ஓட்டையில நீங்க நுழைய மாட்டீங்க வளவன்" என்று சொல்லி ஸ்டோருக்கு மாற்றிவிட்டார். இருபது வருஷம் நெருப்போடு வேலை செய்தவன், நேற்று வந்த பையன்களுக்குக் கையுறை எடுத்துக் கொடுத்தான். சர்க்கரைக்காக இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் அவன் உடனே தலையாட்டியது சர்க்கரைக்காக அல்ல. ஓட்டைக்காக.

ஆபரேஷன் முடிந்து, இப்போது எடை தொண்ணூற்றைந்து. முந்தின நாள் டாக்டர் சுபஸ்ரீ, "தொண்ணூறுன்னு இலக்கு வச்சுக்கலாம். உங்க உடம்புக்கு நிக்கிற எடை அதுதான்" என்றார்.

"கல்யாணத்தப்ப அறுபத்தெட்டு இருந்தேன் டாக்டர்."

"அப்ப என்ன வயசு?"

"இருபத்தஞ்சு."

"அந்த வயசையும் சேர்த்துக் கேட்பீங்க போல."

அவரை நம்பாமல்தான் வளவன் ஓட்டையின் அளவுக்கே கம்பியை வளைத்து, பற்றவைத்து, ஸ்ரீரங்கத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். தொண்ணூற்றைந்தில் வளையம் எங்கே நிற்கிறதென்று பார்த்தால், தொண்ணூறு போதுமா என்று தெரிந்துவிடும் என்பது கணக்கு.

எண்ணெய் ஊற்றியதில் ஒரே பலன், பானுவின் கைக்கு வளையம் பிடிபடவில்லை. இழுத்த வேகத்தில் அவள் வாளிமேல் உட்கார்ந்தாள்.

"அரை இட்லிக்கு மேல இறங்காத வயித்துல இவ்வளவு பெரிய கம்பி மட்டும் எப்படிங்க இறங்குச்சு?"

மாடி வீட்டு ரெங்கநாதன் இரும்பு ரம்பத்தோடு வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நாலு இழுப்பில் பிளேடு ஒடிந்தது. கம்பியில் ஒரு கீறல். வளவனின் வயிற்றிலும் ஒரு கீறல்.

"நல்லா பத்தவச்சிருக்கீங்க வளவன். கைவேலை சுத்தம்" என்றார் ரெங்கநாதன்.

அந்த நிலையிலும் வளவனுக்குப் பெருமையாக இருந்தது.

மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு தில்லைநகரில் இருக்கும் டாக்டரிடம் போக பஸ் ஏறினான். காவிரிப் பாலத்தில் கூட்டத்தைப் பிளந்து வந்த கண்டக்டரின் டிக்கெட் மெஷின் அவன் இடுப்பில் டங்கென்று மோதியது.

"என்னங்க உள்ள?"

"கம்பி."

"லக்கேஜா?"

"கழட்ட முடிஞ்சா லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கிறேங்க."

டாக்டர் சுபஸ்ரீ சட்டையைத் தூக்கிப் பார்த்தார். சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவனைப் படுக்கவைத்து, வயிற்றில் தொங்கிய தோலை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்தார். நர்ஸ் காலடியில் நின்று இழுத்தாள். வளையம் தொடையைத் தாண்டி, காலைத் தாண்டி, தரையில் விழுந்து உருண்டது.

வளவன் எழுந்து உட்கார்ந்தான். "போயிடுச்சு டாக்டர்."

"உங்கள மாட்டவச்சது கொழுப்பு இல்ல, தோல். அறுபத்தெட்டுக்குப் பட்டினி கிடந்தா தோல் இன்னும்தான் தொங்கும், தெம்பும் போயிடும். இறுக்கமா பெல்ட் கட்டுங்க. தொண்ணூறு போதும். ரெண்டு கிலோ ஏறி இறங்கினா அழக் கூடாது."

"தொண்ணூறே போதும் டாக்டர்" என்றான் வளவன். பானுவுக்குப் போன் போட்டான். "போயிட்டேன்டி, முழுசா போயிட்டேன்" என்றான். அவள் பயந்துபோய் ரெங்கநாதனைக் கூப்பிட்டாள்.

மறு மாதம் தராசு தொண்ணூறைக் காட்டிய அன்று, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மன்சூர் பாய் முன்னால் போய் நின்றான்.

"ஸ்டோருக்கு உங்கள மாதிரி ஆள் கிடைக்காதுங்க" என்றார் பாய்.

"நுழைஞ்சு காட்டுறேன் பாய். நுழைஞ்சா வேலையத் திருப்பிக் குடுக்கணும்."

பட்டறை முழுவதும் கூடிவிட்டது. பாய்க்கு வேறு வழியில்லை. "சரி" என்றார்.

கையை முன்னால் நீட்டித் தலையை விட்டான். தோள் போனது. வயிறு ஒரு நொடி நின்றது. ஒருக்களித்து ஒரு உந்து உந்தினான். உள்ளே விழுந்தான்.

எல்லாரும் கைதட்டினார்கள். டீ கொண்டுவந்த கேன்டீன் ரோசம்மாள் விசிலே அடித்தாள்.

வளவன் டிரம்முக்குள் மல்லாந்து கிடந்தான். வெல்டிங் ஹோல்டரைக் கையில் கொடுத்தார்கள். முதல் பொறி பறந்ததும் நெஞ்சு நிரம்பிவிட்டது. வாய்விட்டுப் பாட ஆரம்பித்தான். பழைய டூயட். ஆண் குரலும் அவனே, பெண் குரலும் அவனே. டிரம் அதை நாலு மடங்காக்கி வெளியே அனுப்பியது.

கைதட்டல் நின்றது. பக்கத்து டிரம்மில் இருந்தவன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். மன்சூர் பாய் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ரோசம்மாள் அவர் கையில் டீயைக் கொடுத்தாள். "போன தடவை உடம்பச் சாக்குச் சொல்லி இந்தப் பாட்ட ஸ்டோருக்கு அனுப்பினீங்க, இப்ப என்ன சொல்லப் போறீங்க பாய்?"