பெயர்ப்பலகையில் பெய்த மழை

மழை பெய்கிறதா என்று அறிய இனி எவரும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்ட வேண்டியதில்லை. மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாகப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய நாள் ஒன்று உண்டென்றால், நகரத்து மழையளவு மையம் இந்த உண்மையை அறிவித்த நாள்தான் அது.

ஏற்பாடு எளிமையானது, ஆகவே மேன்மையானது. ஊரெங்கும் செல்போன் கோபுரங்கள் நிற்கின்றன. அவை ஒன்றோடொன்று ஓயாமல் சிக்னலில் பேசிக்கொள்கின்றன. நடுவே மழை விழுந்தால் சிக்னல் மங்கும். எவ்வளவு மங்கியது என்று பார்த்தால் எவ்வளவு மழை என்று தெரிந்துவிடும். அதற்கும் மேலே செயற்கைக்கோள் ஒன்று மேகங்களை மேற்பார்வை செய்கிறது. பழைய மழைமானிக் குடுவையில் இப்போது மையத்தார் பேனாக்களைச் செருகி வைத்திருக்கிறார்கள். குளிர்சாதனம் வீணாகக் கூடாது என்று கட்டடத்தின் ஜன்னல்கள் அனைத்தும் நிரந்தரமாக அடைக்கப்பட்டுவிட்டன.

இத்தகைய மகத்தான ஏற்பாட்டில் ஒரு நல்ல குடும்பத்தின் பெயரும் இடம்பெற்றது.

பதிவாளர் முப்பத்து நான்கு ஆண்டுகள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் தெருவுக்கு அவர் பதிவாளர்தான். எழுத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டார். அவரிடம் எழுத்தில் இல்லாத சொத்து ஒன்றே ஒன்றுதான்: "எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்ததே இல்ல." தாத்தா தெருவைவிட மூன்று படி உயர்த்திக் கட்டிய வீடு. அந்த மூன்று படிகளின் மேல்தான் குடும்பத்தின் மானம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் முதல் மீட்டர் பார்க்க வந்தவர் வரை அந்த வாக்கியத்தைக் கேட்காமல் யாரும் வாசல் தாண்டியதில்லை. இரண்டு முறை சாலை போட்டதில் மூன்று படி ஒரு படியாகிவிட்டது உண்மைதான். தெரு உயர்ந்ததே தவிர வீடு தாழவில்லை என்பது பதிவாளரின் தீர்ப்பு.

எழுபது வயது நிறைந்ததும் அவர் மொட்டைமாடியில் குடும்பப் பெயரைத் தாங்கிய பலகை ஒன்றை நிறுத்தினார். பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி உயரம். உள்ளே ஓரடி கனத்தில் தெர்மாகோல், வெளியே அலுமினியத் தகடு.

"கீழ நின்னா இது யாருக்குங்க தெரியும்?" என்றாள் மனைவி. முழங்கால் வலியால் அவள் மாடிப்பக்கம் போய்ப் பல வருடமாயிற்று.

"மேல இருக்கறவங்களுக்குத் தெரியட்டும்."

தெரிந்தது. மறுநாளே அந்தத் தெருவில் அறுபத்தொன்று புள்ளி இரண்டு ஏழு மில்லிமீட்டர் மழை பதிவானது. அன்று தார் உருகும் வெயில். மூன்றாம் நாள், வீட்டு எண்ணையே குறிப்பிட்டு எல்லோர் போனுக்கும் எச்சரிக்கை போனது. அவருடைய மகளின் மாமனார் உடனே அழைத்தார்.

"சம்பந்தி, வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சாமே? துணிமணியெல்லாம் மேல எடுத்து வச்சீங்களா?"

"எங்க வீட்டுக்குள்ளயா? எவன் சொன்னான்?"

"அரசாங்கமே சொல்லுது. எழுத்துல வந்திருக்கே."

பதிவாளர் போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். எதிர்க்கடைத் தையல்காரரும் தன் கடை வாசலில் நின்று குரல் கொடுத்தார்: "சார், நம்ம தெருவுல வெள்ளமாம்! நான் நீந்திக்கிட்டேதான் காஜா போட்டுக்கிட்டு இருக்கேன்!"

அன்றே பதிவாளர் சலவைச் சட்டை அணிந்து மழையளவு மையத்துக்குச் சென்றார். துணை இயக்குநர் மரியாதையாக உட்கார வைத்தார்.

"வெளிய வெயில் அடிக்குதுங்க," என்றார் பதிவாளர்.

"எந்தக் கருவியில பார்த்தீங்க?"

"கண்ணால பார்த்தேன்."

"கண்ணுக்குச் சான்றிதழ் இருக்கா?"

பதிவாளருக்கு அவர் மேல் மதிப்பு உண்டாயிற்று. தானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார். "சரி, செயற்கைக்கோள் என்ன சொல்லுது?"

"ஒரு பொட்டு மேகம் இல்லன்னு சொல்லுது. அதுக்காகவே நேத்து நாலு மணி நேரம் கூட்டம் போட்டோம். 'மேகமற்ற மழை'ன்னு புது வகை ஒண்ணு தீர்மானம் ஆகியிருக்கு. உலகத்துலயே முதல் தடவை. உங்க தெருவுக்குத்தான் அந்தப் பெருமை."

அந்தப் பெருமை பதிவாளருக்கு வேண்டியிருக்கவில்லை. வரைபடத்தை விரிக்கச் சொன்னார். ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போன கோடு அவர் வீட்டு மாடியைக் கடந்தது. கடந்த இடத்தில் அவருடைய வம்சம் நின்றது.

"பலகை சிக்னலை மறைக்குது. கழட்டிடுங்க சார்."

"எங்க தாத்தா பேரைக் கழட்டுறதா? நீங்க மழையைக் கழட்டுங்க!"

துணை இயக்குநர் மழைமானிக் குடுவையிலிருந்து ஒரு பேனாவை உருவினார். "நல்ல யோசனை. பலகை காத்துல ஆடுது, நாளுக்கு ஒரு அளவு காட்டும். அதனால அந்தக் கோட்டுல எவ்வளவு மழை வந்தாலும் மொத்தத்தையும் பலகை பேர்ல எழுதி, கழிச்சு விட்டுடறோம்."

அப்படியே ஆணை பிறந்தது. பலகை 'மழைத் திருத்தக் கருவி எண் ஏழு' ஆயிற்று; அனுமதியின்றி ஓர் அங்குலம்கூட நகர்த்தக்கூடாது. கூடவே, மேற்படி இல்லத்தில் நீர் புகவில்லை என்று முத்திரையிட்ட கடிதமும் தந்தார்கள். பதிவாளர் அதை இருமுறை படித்தார்.

"'புகவில்லை'ன்னு மட்டும் இருக்கு. 'புகாது'ன்னும் சேர்த்துடுங்க."

சேர்த்தார்கள். கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிக் கூடத்துச் சுவரில் அமர்ந்தது. குடும்ப மானம் இப்போது எழுத்திலும் இருந்தது.

நாற்பது நாள் கழித்து ஒரு காலையில் மழை பெய்தது. மேகமுள்ள, பழைய வகை மழை. பத்து மணிக்குத் தெரு ஓடையாகிவிட்டது. மையத்தின் அறிக்கை அந்தத் தெருவுக்கு 'பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம்' என்றது. செயற்கைக்கோள் கறுத்த மேகத்தைக் காட்டியதால் அவசரக் கூட்டம் கூடி, அதற்கு 'மழையற்ற மேகம்' என்று பெயர் சூட்டியது.

தையல்காரர் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "சார், தண்ணி வந்துக்கிட்டே இருக்கு!"

"எங்க வீட்டுக்குள்ள வராது."

"நீங்க நிக்கிறதே தண்ணியிலதான் சார்!"

"இது ஈரம்."

"என்னங்க," என்று உள்ளறைக் கட்டிலிலிருந்து மனைவியின் குரல் வந்தது, "அந்த ஈரம் மெத்தையைத் தொட்டுடுச்சு. என்னால மாடி ஏற முடியாது."

தையல்காரர் மீட்புப் படைக்குப் போன் போட்டார். பேசப் பேச அவர் முகம் தொங்கியது. "மேப்புல நம்ம தெரு காஞ்சு கிடக்குதாம். காஞ்ச தெருவுக்குப் படகு அனுப்ப விதி இல்லையாம். கடிதம் வாங்கினவர் தன் வாயால 'தண்ணி வந்துடுச்சு'ன்னு சொன்னா அனுப்புறாங்களாம். ஒரு வார்த்தை சொல்லுங்க சார்!"

பதிவாளர் போனை வாங்கினார். வாயைத் திறந்தார். சுவரில் முத்திரை பளபளத்தது. மூன்று தலைமுறை குறுக்கே வந்து நின்றது. உள்ளறையில் மனைவி கால்களை மெல்லத் தூக்கி மடக்க முயன்று, வலியில் முனகியது கேட்டது.

போனைத் தையல்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். "ஸ்பேனர் இருக்கா?"

இருவரும் மாடி ஏறினார்கள். பதினாறு திருகாணிகள். கடைசித் திருகாணி கழன்றதும் கருவி எண் ஏழு, கயிற்றில் தொங்கி, எழுத்துகள் வானத்தைப் பார்க்கத் தெருவில் இறங்கி மிதந்தது. அதன் மேல் மனைவியை உட்கார வைத்தார்கள்; மெஷினை அவள் மடியருகே வைத்தார்கள். தையல்காரர் முன்னால் இழுத்தார். இடுப்பளவு தண்ணீரில், முதுகு வளையாமல், பதிவாளர் பின்னால் தள்ளிக்கொண்டு நடந்தார். மாடிகளில் நின்ற தெருவே பார்த்தது.

"நாப்பத்தஞ்சு வருஷமா இந்தப் பேரை நான் தாங்கினேன்," என்றாள் மனைவி, எழுத்துகளின் மேல் கையை ஊன்றிக்கொண்டு. "இன்னைக்குத்தான் அது என்னைத் தாங்குது."

பதிவாளர் பலகையை இன்னும் வேகமாகத் தள்ளினார். மழை முகத்தில் அடித்தது வசதியாகப் போயிற்று.

மறுநாள் அந்தக் காட்சி செய்தித்தாளில் படமாக வந்தது. மையத்தார் படத்தைக் கூர்ந்து ஆராய்ந்தார்கள். அதில் ஒரு குற்றம் தென்பட்டது. அந்த வாரமே பதிவாளருக்குக் குறிப்பாணை வந்தது: கருவி எண் ஏழை அனுமதியின்றி இடம்பெயர்த்து, மழையளவுப் பணிக்கு இடையூறு செய்தமைக்கு ஏழு நாளில் விளக்கம் தருக.

சுவரில் தண்ணீர்க் கோடு கண்ணாடிச் சட்டத்துக்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது. பதிவாளர் அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தெளிவான கையெழுத்தில் எழுதினார்:

"எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. எங்கள் குடும்பத்தில் இதை எழுதும் முதல் ஆள் நான். என் பெயர் எனக்குத் தண்ணீரை மறைத்தது. அதே பெயர் உங்களுக்கு மழையை மறைத்தது. எனக்காவது கால் நனைந்து தெரிந்தது."

பதினோராம் நாள் பதில் வந்தது. முத்திரை இருந்தது, துணை இயக்குநரின் கையொப்பமும் இருந்தது:

"தங்கள் விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. கால், அங்கீகரிக்கப்பட்ட அளவுக் கருவிகளின் பட்டியலில் இல்லாத காரணத்தால், மேற்படி தண்ணீர் நிராகரிக்கப்படுகிறது."