ட்ரான்மர் வீட்டில் பேக்கன்

பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்த கிளிஃபர்ட் ட்ரான்மர், உடனே அதைச் சாத்தினார். பிறகு மெல்லத் திறந்தார். அங்கேயேதான் இருந்தது. அரைப் பொட்டலம் பேக்கன். சிவப்புப் பன்றிக்கறி, வெள்ளைக் கொழுப்பு, வரிவரியாக.

சிவப்பும் வெள்ளையும் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் ஆற்றின் கிழக்குக்கரை ரக்பி அணியின் நிறங்கள். ட்ரான்மர்கள் மேற்குக்கரை, கறுப்பு வெள்ளை. அதனால் மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் பேக்கன் என்ற பேச்சே கிடையாது. ஒரு குடும்பத்தை நிமிர்ந்து நிற்க வைப்பது இப்படிப்பட்ட விஷயங்கள்தான்.

மகள் ஜானிஸ் மட்டும் ஆற்றுக்கு அந்தப்பக்கம் மாப்பிள்ளை தேடிக்கொண்டாள். நிச்சயதார்த்தத்தில் கிளிஃபர்ட் எல்லோர் முன்னிலையிலும் சம்பந்தியிடம் சொல்லியிருந்தார்: என் வீட்டில் உங்கள் நிறம் ஒரு துணுக்குக்கூடக் கிடையாது, தேடிப் பார்க்கலாம். சம்பந்தி டெஸ்மண்ட் ஓம்ப்ளர், கட்டாயம் வந்து தேடுகிறேன் என்றார்.

அவர் வரும் நாள் இன்றுதான். மனைவி எட்னா ரொட்டிக்கடைக்குப் போயிருந்தாள்.

இது மாப்பிள்ளைப் பயலின் சதி என்று முடிவு செய்த கிளிஃபர்ட், பொட்டலத்தோடு பின்சந்துக் குப்பைத்தொட்டிக்கு நடந்தார். அங்கே மேற்குக்கரை ரசிகர் மன்றச் செயலாளர் ட்ரெவர் நின்றுகொண்டிருந்தார். "கையில என்ன கிளிஃப்?" என்றார். மீன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிய கிளிஃபர்ட், அதை ரொட்டி சுடும் பெட்டி அடுப்பின் அடித்தட்டில் திணித்தார்.

விருந்துக்கான உருளைக்கிழங்கு வடைகள் ஆறாமலிருக்க எட்னா அடுப்பை எரியவிட்டுப் போயிருந்தது அவருக்குத் தெரியாது. சற்று நேரத்தில் வீடெல்லாம் பேக்கன் மணத்தது. ஜன்னலைத் திறந்தார். மணம் தெருவுக்குப் போனது. ட்ரெவரும் தெருவுக்கு வந்தார். கிளிஃபர்ட் ஜன்னலைச் சாத்தினார்.

வாசனையை வாசனையால்தான் அமுக்க வேண்டும். ஹல்லில் எந்தச் சமையலறையிலும் சிப்ஸ்மீது தூவும் மசாலா உப்பு இருக்கும். டப்பாவை எடுத்து அறையெங்கும் உதறினார். மூடி கழன்றது. எட்னாவின் கல்யாணத்துக்கு வந்த வெள்ளை மேசைவிரிப்பில் செக்கச்செவேலென்று மசாலா கொட்டியது. ஈரத்துணியால் இழுத்து இழுத்துத் துடைத்தார். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று அழகான பட்டைகள் விழுந்தன.

கப்பலுக்காக ஆற்றுப் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள் என்பதுதான் இந்த ஊரில் தாமதத்துக்கு எல்லோரும் சொல்லும் காரணம். ஒரு கப்பலாவது வந்து பாலத்தைத் தூக்க வைக்கக் கூடாதா என்று கிளிஃபர்ட் வேண்டிக்கொண்டார். அழைப்புமணி அடித்தது.

அடுப்பிலிருந்து எடுத்த பேக்கனைச் செய்தித்தாளில் சுருட்டிக் கோட்டின் உள்பாக்கெட்டில் செருகிக்கொண்டு கதவைத் திறந்தார். டெஸ்மண்ட் அவரை இறுகத் தழுவினார். சூடான எண்ணெய் சட்டைக்குள் இறங்கியது. கிளிஃபர்ட் முகம் மாறாமல் நின்றார்.

டெஸ்மண்ட் மூக்கை உறிஞ்சினார். மேசைவிரிப்பைப் பார்த்தார். தன் மனைவி பெரிலைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"என்னப்பா கிளிஃப், எங்களுக்காகக் கொடியே விரிச்சுட்ட. இந்த வாசனையும் எனக்கு நல்லாத் தெரிஞ்ச வாசனையா இருக்கே."

கிளிஃபர்ட் நெஞ்சை நிமிர்த்தினார். நிமிர்த்தியதும் சுட்டது.

"அது எங்கம்மா கைப்பக்குவத்துல செஞ்ச வடை வாசனை, டெஸ்மண்ட். பல் முளைச்ச நாள்லேருந்து வாராவாரம் சாப்பிடறேன். இந்த ருசி ஊர்ல வேற எந்த வீட்லயும் வராது. பேக்கன் தொடாத வீட்டோட ருசி. சாப்பிட்டுப் பாரு."

டெஸ்மண்ட் ஒன்றைக் கடித்தார். மெல்லுவதை நிறுத்தி யோசித்தார். சிரிப்பு போய்விட்டது. இன்னொன்றை எடுத்துக்கொண்டு, இப்படி ஒரு வடையைத் தன் வாழ்நாளில் தின்றதில்லை என்று ஒப்புக்கொண்டார். மேற்குக்கரை வென்றுவிட்டது.

அப்போது எட்னா ரொட்டியோடு உள்ளே வந்தாள். வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னாள். தன் மேசைவிரிப்பை வெகுநேரம் பார்த்தாள். பிறகு போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள்.

"கிளிஃப், உங்கம்மா சொல்லிக்கொடுத்த அளவுக்கு வடையில நறுக்கிப் போட்டது போக, அரைப் பொட்டலம் பேக்கன் மிச்சம் வச்சிருந்தேன். அதை எங்கே போட்டே?"