தொட்டிக்குத் தண்ணீர் விட்ட விவரம்

பெர்ன்ஹில், ஊட்டி.

மரியாதைக்குரிய சாந்தாமணி அத்தை அவர்களுக்கு,

தங்கள் அண்ணன் மகள் ஷண்முகப்ரியா வணங்கி எழுதுவது. தங்கள் இல்லத்தில் நானும், தங்கள் மாப்பிள்ளையும், கனிஷ்காவும், தங்கள் நாய் ராக்கியும் நலமாக இருக்கிறோம். அந்த நலத்தில் சில விவரங்கள் உண்டு, அவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். மெல்போர்னில் சுமலதாவும் குழந்தையும் நலமென்று நம்புகிறேன். போன் மணி அடித்தால் பேரன் எழுந்துவிடுகிறான், எதுவானாலும் கடிதமாக எழுதிப் படமெடுத்து அனுப்பு என்று தாங்கள் சொன்னபடியே இதை எழுதுகிறேன். முன்னமே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் வீட்டில் வேறு ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருந்ததால் தாமதம்.

தாங்கள் ஊருக்குப் புறப்பட்ட அன்றே தங்கவேலு அண்ணன் வந்து, நீச்சல் குளத்தில் விழும் இலையை வலை போட்டு அள்ளுவது, குளோரின் போடுவது, மோட்டார் ஓட்டுவது எல்லாவற்றையும் எனக்குக் காட்டிவிட்டு, மஞ்சூரில் மச்சினிச்சி கல்யாணம் என்று லீவு போட்டுப் போனார். கல்யாணம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. அத்தை, மாமா ஆசைப்பட்டுக் கட்டிய குளத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பல் விளக்குகிற ஊரில், கிரகப்பிரவேசத்தன்று மாமா ஒருவர் இறங்கி, உடனே ஏறி, அதற்குப் பிறகு யாருமே கால் நனைக்காத ஒரு குளத்துக்குப் பக்கத்தில், நாலு வயசுக் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படி இருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். வேலி கிடையாது. கதவு கிடையாது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பாதிக் குளம்தான் தெரியும், மீதிப் பாதியை நானே மனசில் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கிற அந்தப் பாதியில் நடப்பதெல்லாம் நல்லதாக இருக்காது. உங்க மாப்பிள்ளைகிட்டச் சொன்னா, காதுல ஹெட்போனை மாட்டிட்டு மீட்டிங்ல இருந்தபடியே "நீயா ஒண்ணு நெனச்சுப் பயப்படாதே"ன்னு கையாலயே சைகை காட்டறாருங்க.

அதனால நானே ஒரு ஏற்பாடு பண்ணினேன். மார்க்கெட்டுக்குப் போய், கனிஷ்காவுக்குச் சலங்கை வெச்ச கொலுசு ஒரு ஜோடி வாங்கினேன். இருக்கறதுலயே அதிகமாச் சத்தம் போடறது எதுன்னு கேட்டு வாங்கினேன், கடைக்காரர் பரதநாட்டியமான்னு கேட்டார். குளிருக்குப் போட்ட கம்பளி சாக்ஸுக்கு உள்ளே இருந்தாலும் கலகலன்னு கேட்டுச்சு. நான் சமையக்கட்டுல நிப்பேன், சத்தம் ஹால்ல கேக்கும், வராந்தாவுல கேக்கும், மறுபடி ஹாலுக்கு வரும். அந்தச் சத்தம் இருக்கற வரைக்கும் எனக்குக் கவலையே இல்லைங்க அத்தை. காலேஜ்ல படிச்சது ஒண்ணும் வீண் போகலைன்னு நெனச்சுக்கிட்டேன்.

இனி, தொட்டி விஷயம். ஏர்போர்ட்ல இருந்து நீங்க வாய்ஸ் மெசேஜ் அனுப்பினீங்களே, அதுல பாதி உங்க குரல், பாதி அறிவிப்பு. "அம்முணி, தொட்டி"ன்னு நீங்க சொல்றதும், யாரோ ஒருத்தர் தன் பையை விட்டுட்டுப் போனதை அந்தப் பொண்ணு அறிவிக்கறதும், அப்புறம் "தண்ணி விட்டுரு, மறந்துறாத கண்ணு"ன்னு நீங்க முடிக்கறதும் கேட்டுச்சு. குளத்தை நீங்க எப்பவும் 'ஆனைத் தொட்டி'ன்னுதானே சொல்லுவீங்க. அதனால தினமும் காலையில ஹோஸ் போட்டுக் குளத்துக்குத் தண்ணி விட்டேன். விளிம்பு வரைக்கும் தளும்பத் தளும்ப விட்டேன். நீங்க சொன்னதை ஒருநாளும் தவறவிடலை.

போன வாரம் நான் ரசத்துக்குத் தாளிக்கறப்போ கொலுசுச் சத்தம் குளத்துப் பக்கமாப் போச்சு. அப்புறம் தொபீர்னு ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. நான் எப்படி ஓடினேன்னு எனக்கே தெரியலைங்க. நீச்சல் தெரியாதுங்கறது தண்ணிக்குள்ள போனப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. தண்ணி நெஞ்சு வரைக்கும், ஐஸு மாதிரி. அடியில தடவித் தடவிக் கையில ஒரு கழுத்து கிடைச்சுது. மயிரோட இருந்துச்சு. தூக்கிப் பாத்தா ராக்கி. கழுத்துல கனிஷ்காவோட கொலுசு ரெண்டும், ஒண்ணோட ஒண்ணு கோத்தபடி. அவன் என்னைப் பாத்த பார்வையை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். வயசான நாய், ஏதோ யோசிச்சுக்கிட்டே வழுக்கியிருக்கான். மேல நிமிர்ந்தா, உங்க கண்ணாடி ரூம் பக்கம் இருந்து கனிஷ்கா கையில நீல டம்ளரோட வர்றா. "ஏம்மா டிரெஸ்ஸோட குளிக்கறே?"ன்னு கேக்கறா. கொலுசு ஏண்டி நாய் கழுத்துலன்னு கத்தினேன். "அவனுக்கு ஆசையா இருந்துச்சு"ன்னாள்.

அன்னிக்கு முழுக்க எனக்கு நடுக்கம் நிக்கலை. ரெண்டு கம்பளி போத்திக்கிட்டு உங்க மெசேஜை மறுபடி கேட்டப்போதான் எனக்கு உறைச்சுது. தண்ணி விடறதுன்னா ஊத்தறதுதானா? திறந்து விடறதும் விடறதுதானே! ஊட்டுல சின்னக் குழந்தை இருக்குன்னு யோசிச்சு, குளத்துத் தண்ணியத் திறந்து விட்டுருன்னுதான் அத்தை சொல்லியிருக்காங்க, நாந்தான் புத்தியில்லாம ஊத்திக்கிட்டே இருந்திருக்கேன்னு நெனச்சு அழுதே போட்டேனுங்க. உடனே வால்வைத் திறந்தேன்.

அந்த வால்வு எங்கே போய் முடியுதுன்னு எனக்குத் தெரியாது. கீழ்க்காட்டுத் தெய்வம்மா அக்கா பூண்டுப் பாத்தியில முடியுது. அந்தக்கா முழங்கால் வரைக்கும் சேறோட ஏறி வந்து, "ஏன் பிள்ள, மேகமே இல்ல, வெள்ளம் வருது? உங்க வீட்டுக் கடல் எனக்கு எதுக்கு?"ன்னு கேட்டாங்க. குளோரின் தண்ணிங்கக்கான்னு நான் உண்மையைச் சொல்லிட்டேன். "அப்ப பூண்டு வெள்ளை வெளேர்னு வெளையும்"னுட்டுப் போனாங்க. கோவமா கேலியான்னு இன்னும் எனக்குப் புரியலை. நீங்க வந்து ஒரு வார்த்தை பேசணும்.

காலி குளத்தைப் பாத்து இன்னும் ரெண்டு பேருக்கு வருத்தம். ஒண்ணு, சாயங்காலம் தண்ணி குடிக்க வர்ற காட்டெருமை. விளிம்புல நின்னு உள்ளே பாத்துட்டு, அப்புறம் தலையத் தூக்கி என்னை நேராப் பாக்குது. இன்னொண்ணு கனிஷ்கா. தரையில உருண்டு அழுதா. "தண்ணி எங்கேம்மா? அதுக்கெல்லாம் தாகம் எடுக்கும்மா, பாவம்மா"ன்னு ஒரே அழுகை. இந்த வயசுல காட்டெருமைக்கு இரக்கப்படுதேன்னு எனக்கே கண்ணு கலங்கிருச்சு. புல்தரையில ஒரு பக்கெட்ல தண்ணி வெச்சேன். தினமும் மத்தியானத்துக்குள்ள காலியாயிருது. அந்த எருமை எப்ப வந்து குடிக்குதுன்னுதான் தெரியலை.

ஆகவே அத்தை, தாங்கள் சொன்னபடியே தொட்டித் தண்ணீரை விட்டாயிற்று. நாங்கள் இங்கே இருக்கும் வரை குளம் இப்படியே காலியாக இருக்கட்டும். இப்போதுதான் எனக்குத் தூக்கம் வருகிறது. மற்றபடி தங்கள் வீட்டில் ஒரு பொருளுக்கும் சேதமில்லை. தாங்கள் உயிராக வளர்க்கிற பிகோனியா, ஜெரேனியம் எல்லாம் இருக்கிற கண்ணாடி ரூம் பக்கம் நாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தாங்கள் சாத்திவிட்டுப் போன கதவு சாத்தினபடியே இருக்கிறது.

மாமாவுக்கு எங்கள் நமஸ்காரம். சுமலதாவுக்கு என் அன்பு, பூண்டு நிறையச் சாப்பிடச் சொல்லவும். பேரனுக்கு ஆயிரம் முத்தம். பெரியவர்கள் ஆசீர்வாதம் எங்கள் மூவருக்கும் வேண்டும், குறிப்பாக எனக்கு.

தங்கள் அன்புள்ள,
ஷண்முகப்ரியா

பின்குறிப்பு: படமெடுக்கறதுக்காக உங்க மாப்பிள்ளை இதை வாங்கிப் படிச்சார். வாய்ஸ் மெசேஜைப் போடச் சொல்லி, முதல் தடவையா ஹெட்போன் வழியாக் கேட்டார். கேட்டுட்டு, "தொட்டின்னா பூந்தொட்டிடி. செடிக்குத் தண்ணி விடச் சொல்லியிருக்காங்க"ன்னார். செருப்புக்கூடப் போடாம கண்ணாடி ரூமுக்கு ஓடினேன். அத்தை, ஒரு செடி வாடலை. எல்லாத் தொட்டியும் ஈரம், பிகோனியா கொத்துக் கொத்தாப் பூத்து நிக்குது. பலகைக்கு அடியில நீல டம்ளர். கதவுக்குக் கீழே ராக்கி போய் வர்ற சந்து இருக்குதில்ல, அதுல கனிஷ்காவும் நுழையலாமாம்.

"பாட்டிதான் போன்ல தொட்டிக்குத் தண்ணி விடச் சொன்னாங்கல்ல. நீ விடவே இல்ல. நாந்தான் டெய்லி விட்டேன்"னு சொல்றா. தண்ணி ஏதுடின்னேன். இப்ப பக்கெட்லயாம், அதுக்கு முன்னாடி குளத்துலயாம். "நீதான் நிறைய ஊத்தி வெச்சியே, விளிம்புல படுத்துக்கிட்டு எடுத்தா எட்டும்மா." கொலுசு? "நான் போனா நீ கூப்பிடுவியே. அதான் நீ சமைக்கறப்ப எல்லாம் ராக்கிக்குப் போட்டுவிட்டேன்." நான் நிம்மதியாச் சமைச்ச அத்தனை நாளும், அத்தை.

அடிக்கக் கை வரலை. தூக்கி வெச்சுக்கிட்டேன், இன்னும் இறக்கலை. இதை ஒரு கையாலதான் எழுதறேன், எழுத்துக் கோணலா இருந்தா மன்னிச்சுக்கங்க. இனிமே தினமும் நானும் அவளும் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போய், செடித் தொட்டிக்குத் தண்ணி விட்டுர்றோம். ஆனைத் தொட்டிக்கு மட்டும், நீங்களே வந்து சொன்னாலும் விடமாட்டேன். கொலுசு ராக்கி கழுத்துலயே இருக்கட்டும்.