தொண்டைப் பாதுகாப்புத் துறையின் வீரதீரச் செயல்

உலகில் எத்தனையோ பாதுகாப்புத் துறைகள் உண்டு. ஆனால் கணக்கு டீச்சர் ஒருவரின் தொண்டைக்குள் இயங்கிய துறைக்கு ஈடாக ஒன்றைக் காட்டுங்கள், பார்க்கலாம்! அதன் தலைவர் மாஸ்ட் செல் என்னும் நோயெதிர்ப்பு அதிகாரி. வீக்கம் கிளப்பும் ஹிஸ்டமின் ரசாயன மூட்டைகளை அறை கொள்ளாமல் அடுக்கிவைத்துக்கொண்டு, எதிரி வரமாட்டானா என்று ஏங்கிக் கிடந்த கடமை வீரர்.

அவர் வாசலில், வேர்க்கடலையைப் பிடிக்கவென்றே 'சிறப்புப் பயிற்சி' பெற்ற காவலர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அடுத்தடுத்து நிற்கும் இருவர் ஒரே ஆளைப் பிடித்துவிட்டால் அது படையெடுப்பு. விசாரணை கிடையாது.

அன்று டீச்சர்கள் அறையில் யாருக்கோ பிறந்தநாள். நம் டீச்சர் கேக்கை ஒரு வாய் கடித்தார். அதிலிருந்த வேர்க்கடலைத் துணுக்கு ஒன்று, பாவம், வயிற்றுக்கு வழி தேடி வந்தது.

"பிடிச்சுட்டேன் சார்!"

"நானும் அதே ஆளத்தான் பிடிச்சிருக்கேன் சார்!"

"ரெண்டு பேருமா? அப்ப படையேதான்!" என்று துள்ளினார் அதிகாரி.

உத்தரவு பறந்தது. ஒருவர் முத்திரை குத்தி அடுத்தவரிடம் தள்ள, அவரும் குத்தி அடுத்தவரிடம் தள்ளினார். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, அப்படியொரு ஒற்றுமை. கால்சியம் மதகுகள் திறந்தன. மூட்டைகள் அவிழ்ந்து ஹிஸ்டமின் கொட்டியது. இரத்தக் குழாய்கள் கசிந்தன, தொண்டை வீங்கியது, மூச்சுக்குழாய் இறுகியது. எல்லாம் 'முன்னெச்சரிக்கை நடவடிக்கை'.

வெளியே டீச்சர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். "மூச்சு... முடியலடி..."

"ஐயோ, கண்ண மூடாதடி! என்னைப் பாரு!" அறிவியல் டீச்சர் தோழியின் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, எப்போதும் அதில் கிடக்கும் ஒவ்வாமை ஊசியை எடுத்துத் தொடையில் குத்தினார்.

அதன் வழியே ஓடோடி வந்த அட்ரினலின், இறுகியதைத் தளர்த்தி, கசிந்ததை அடைத்து, டீச்சருக்கு மூச்சு திரும்பிய பிறகுதான் அதிகாரி பக்கம் திரும்பியது.

"யோவ், வீட்டுக்கார அம்மா உசுரே போகப் பாத்துச்சேய்யா! யாருய்யா அந்த எதிரி?"

"வேர்க்கடலை சார்!"

"அது அப்படி என்னதான் பண்ணுச்சு?"

அதிகாரி நெஞ்சை நிமிர்த்தி ஒரு சல்யூட் அடித்தார்.

"அது ஒண்ணுமே பண்ணல சார். எல்லாம் நாங்கதான்!"